தட்டோன் வீட்டுச் சொந்தங்கள் (பர்மாத் தமிழ்க் குடும்பத்தின் அரட்டைக் குழு)

வெள்ளி, மார்ச் 13

மாமா (பெகு): [படம்: தாமரைப்பூ, காலை வணக்கம்]

நான்: மாமா, எல்லாரும் இதைக் கொஞ்சம் பாருங்கள். பாப்பாவுக்கு ஒரு வாரமாக உடம்பெல்லாம் பொரிப் பொரியாக இருக்கிறது. ராத்திரி ஒரு பொட்டுத் தூக்கமில்லை. சிணுங்கல்தான்.

நான்: [படம்] [படம்]

நான்: 22ஆம் தேதி காதுகுத்து. கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

பெரியம்மா (தட்டோன்): முருகா

பெரியம்மா (தட்டோன்): அம்மை போட்டிருக்கிறது. சந்தேகமே வேண்டாம். வாசலில் வேப்பிலை கட்டு. குழம்பு தாளிக்காதே.

சித்தி (சென்னை): வியர்க்குரு மாதிரி தெரியுதே அக்கா. இங்கே வியாசர்பாடியில் இப்போதே வெயில் ஆரம்பித்துவிட்டது.

மாமா (பெகு): ரங்கூன் சூட்டுக்கு எனக்கே பொரியும். பதினோரு மாசப் பிள்ளைக்குப் பொரியாதா?

தம்பி (மலேசியா): அக்கா நான் டிக்கெட் போட்டாச்சு

தம்பி (மலேசியா): லீவும் எழுதிக் கொடுத்தாச்சு. மாற்றவே முடியாது. மடி நான்தானே?

பெரியம்மா (தட்டோன்): அம்மை கண்ட பிள்ளைக்கு எந்த ஆசாரி ஊசி எடுப்பான்? மூன்று தண்ணீர் ஊற்றட்டும். அப்புறம் நாள் பார்க்கலாம்.

அம்மா: பீலிக்கான் கோயிலில் சொல்லி வைத்தாச்சே அக்கா. சமையலுக்கு முன்பணமும் போயாச்சு.

பெரியம்மா (தட்டோன்): [குரல் செய்தி 0:52]

மாமா (பெகு): பஸ்ஸில் இருக்கிறேன், கேட்கவில்லை. யார் பேசியது?

அண்ணி (தட்டோன்): அம்மாயி பேசினாங்க மாமா. தனக்கா மரக்கட்டையை அரைத்துப் பூசச் சொல்றாங்க. ஷ்வேபோ கட்டைதான் வேண்டுமாம், டப்பாவில் வருகிற பொடி ஆகாதாம். மீனா பிறந்தபோது அதைப் பூசித்தான் தோல் இப்படி இருக்கிறதாம்.

மாமா (பெகு): அந்த மரம் நம்ம ஊர் மகாவில்வம். பர்மாக்காரன் கன்னத்தில் பூசினான், நாம் சிவனுக்குப் போட்டோம். எந்த ஊருக்குப் போனாலும் நம்ம சரக்குதான்.

நான்: மாமா ப்ளீஸ். கீழே மருந்துக்கடை சயாமாவிடம் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு 'யானா' என்று மட்டும் சொன்னார். அதற்குள் வேறு ஆள் வந்துவிட்டது.

சித்தி (சென்னை): யானையா??

மாமா (பெகு): யானை இல்லை, யானா. பர்மீஸில் சொறி நோய். 64ல் கப்பல் ஏறாமல் இருந்திருந்தால் உனக்கும் தெரிந்திருக்கும்.

சித்தி (சென்னை): எனக்கு அப்போது ரெண்டு வயசு. நானா ஏறினேன்? பெரியத்தை தூக்கிக்கொண்டு போனார்கள்.

செல்வி அக்கா (நர்ஸ்): எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்கள். நைட் டூட்டி முடிந்து இப்போதுதான் போனை எடுத்தேன். 61 செய்தி.

செல்வி அக்கா (நர்ஸ்): மீனா, காய்ச்சல் உண்டா? நீர் கோத்த கொப்புளம் இருக்கிறதா? வாய்க்குள் புண்? பால் குடிக்கிறாளா? அரிப்பு பகலிலா ராத்திரியிலா?

நான்: காய்ச்சல் இல்லை அக்கா. கொப்புளம் இல்லை. பால் நன்றாகக் குடிக்கிறாள். பகலில் சிரித்துக்கொண்டு இருக்கிறாள். ராத்திரி விளக்கை அணைத்ததும் காலோடு காலைத் தேய்க்க ஆரம்பிக்கிறாள்.

செல்வி அக்கா (நர்ஸ்): உள்ளங்கால் படம் அனுப்பு. வெளிச்சத்தில்.

நான்: கரண்ட் இல்லை. டார்ச் அடித்து எடுக்கிறேன்.

நான்: [படம்]

செல்வி அக்கா (நர்ஸ்): சரி. நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். இது அம்மை இல்லை பெரியம்மா. சின்னம்மையில் காய்ச்சல் இருக்கும். முதலில் நெஞ்சு, முதுகு, முகம் என்று கிளம்பும். ஒரே நேரத்தில் ஒரு இடத்தில் சிவப்புப் பொட்டு, பக்கத்தில் நீர்க்கொப்புளம், அதற்குப் பக்கத்தில் காய்ந்த பொருக்கு என்று மூன்றும் கலந்து கிடக்கும். வியர்க்குருவும் இல்லை. அது கழுத்து மடிப்பு, நெஞ்சு, முதுகு என்று வியர்வை தேங்குகிற இடத்தில் வரும், காற்றுப் பட்டால் ஒரு நாளில் அடங்கும். உள்ளங்காலில் வராது. கை கால் வாய் நோய் என்றால் உள்ளங்காலில் வரும், ஆனால் வாயில் புண் இருக்கும், பிள்ளை பால் குடிக்கவே அழும். இந்தப் பிள்ளைக்கு உள்ளங்கால், மணிக்கட்டு, அக்குள், தொப்புளைச் சுற்றி. ராத்திரி அரிப்பு. அந்தச் சயாமா எட்டிப் பார்த்தே சரியாகச் சொல்லிவிட்டார். இது சிரங்கு.

பெரியம்மா (தட்டோன்): என்னது

மாமா (பெகு): அடடா

செல்வி அக்கா (நர்ஸ்): கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி. அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. தோலுக்குள் வளை தோண்டி முட்டை வைக்கும். ஒரு ஆள் உடம்பில் மொத்தமே பத்துப் பதினைந்துதான் இருக்கும், அதற்கே இந்தப் பாடு. அழுக்கால் வருவதில்லை. தோலோடு தோல் ஒட்டிப் படுத்தால் வருவது. அதனால்தான் கேட்கிறேன், வீட்டில் வேறு யாருக்கு அரிக்கிறது?

மாமா (பெகு): [படம்: ஒரு தட்டு அத்தோ]

மாமா (பெகு): பெகு ஸ்டேஷன் எதிரே. பார்த்ததும் உங்கள் ஞாபகம் வந்தது.

செல்வி அக்கா (நர்ஸ்): மாமா, கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.

மாமா (பெகு): பஸ் கிளம்பப் போகிறது

நான்: எனக்குக் கொஞ்சம் அரிக்கிறது. சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். இவருக்கும் இடுப்பில். ஈர லோஞ்ஜி கட்டினதால் என்கிறார்.

செல்வி அக்கா (நர்ஸ்): குமார் மாப்பிள்ளையிடம் மைப் பேனா இருக்கிறதா? உன் விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் மையைத் தடவி, ஸ்பிரிட் தொட்டுத் துடை. மேலே உள்ள மை போய்விடும். வளை இருந்தால் அதற்குள் இறங்கின மை போகாது.

நான்: இப்போதா?

செல்வி அக்கா (நர்ஸ்): இப்போதே.

நான்: [படம்]

நான்: அக்கா, மணிக்கட்டில் எள்ளு நீளத்துக்கு ஒரு நீலக் கோடு. நேர்கோடு இல்லை, நூல் சுருண்ட மாதிரி. முனையில் ஒரு புள்ளி. இவ்வளவு நாளாக இதை நகக்கீறல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் குமட்டுகிறது.

தம்பி (மலேசியா): அய்யோ அக்கா

தம்பி (மலேசியா): பாப்பாவை நான் மடியில் வைக்கலாமா?

செல்வி அக்கா (நர்ஸ்): மருந்து போட்ட மறுநாளே வைக்கலாம்.

சித்தி (சென்னை): குப்பைமேனி இலை, மஞ்சள், கல்லுப்பு. அரைத்துப் பூசினால் மூன்றே நாள். எங்கள் மாமியார் கை கண்ட வைத்தியம்.

நான்: ரங்கூன் தம்வேயில் குப்பைமேனிக்கு நான் எங்கே போவேன் சித்தி

மாமா (பெகு): தேங்காய் எண்ணெயில் சூடம் போட்டுக் காய்ச்சு. தட்டோன் வீட்டில் எங்களுக்கெல்லாம் அதுதான்.

செல்வி அக்கா (நர்ஸ்): சூடம் கூடவே கூடாது மாமா. கைக்குழந்தைக்குத் தோல் வழியே ஏறி வலிப்பு வரும். சித்தி, சொறிந்து புண்ணான இடத்தில் உப்பு வைத்துத் தேய்த்தால் பிள்ளை தெருவையே கூட்டும். அம்மாயி ஆசைக்குத் தனக்காவை அரிப்பு இல்லாத இடத்தில் பூசிக்கொள்ளுங்கள், குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் பூச்சி சாகாது, புண்ணிலும் வேண்டாம். இதற்கு மருந்து பெர்மெத்ரின் 5 சதவீதம் க்ரீம். ரெண்டு மாசத்துக்கு மேற்பட்ட எந்தப் பிள்ளைக்கும் போடலாம்.

அம்மா: எப்படிப் போடணும்?

செல்வி அக்கா (நர்ஸ்): பெரியவர்களுக்குத் தாடைக்குக் கீழிருந்து பாதம் வரை. விரலிடுக்கு, நகத்துக்கு அடியில், தொப்புள், தொடை இடுக்கு ஒன்றையும் விடக்கூடாது. அரிக்கிற இடத்தில் மட்டும் தொட்டு வைத்தால் பலனில்லை. பாப்பாவுக்குத் தலையிலும் முகத்திலும் சேர்த்து, கண்ணையும் வாயையும் விட்டு. கைக்குச் சாக்ஸ் மாட்டிவிடுங்கள், நக்கிவிடுவாள். ராத்திரி பூசினால் காலையில் குளிக்கலாம், எட்டு மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. நடுவில் கை கழுவினால் கைக்குத் திரும்பவும் பூசணும். முட்டை எல்லாம் முதல் தடவையில் சாகாது, அதனால் ஏழு நாள் கழித்து இன்னொரு தடவை. முக்கியமான விஷயம், வீட்டில் எல்லாரும் ஒரே ராத்திரி போடணும். அரிக்கிறதோ இல்லையோ.

நான்: நாளை ராத்திரி 14. அடுத்தது 21.

பெரியம்மா (தட்டோன்): காதுகுத்துக்கு முந்தின ராத்திரியா? வந்த சொந்தம் எல்லாம் மருந்தைப் பூசிக்கொண்டு கிடக்கிறதா? நல்ல விசேஷம்.

செல்வி அக்கா (நர்ஸ்): பெரியம்மா, ஒன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. முதல்முறை தொற்றினவர்களுக்கு அரிப்பு தொடங்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும். பின்னோக்கி எண்ணினால் தைப்பூசம் வருகிறது. அன்றைக்கு எல்லாரும் தட்டோனில் கூடத்தில் ஒரே பாயில் படுத்தோம். பாப்பா அந்தச் சிவப்புக் கம்பளிக்குள் பசங்களோடுதான் தூங்கினாள்.

பெரியம்மா (தட்டோன்): ஓஹோ. என் வீட்டில் சிரங்கு.

பெரியம்மா (தட்டோன்): அம்மாயியின் அட்டிகையை வாங்கிப் போனபோது மட்டும் இந்த வீடு சுத்தமாக இருந்ததா? கேட்டுச் சொல் உன் சித்தியிடம்.

அம்மா: அக்கா அதை இப்போது ஏன்

அண்ணி (தட்டோன்): இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தம்பி (மலேசியா): அண்ணி என்ன எழுதினீங்க?

மாமா (பெகு): நான் படித்துவிட்டேன். சொல்லமாட்டேன்.

பெரியம்மா (தட்டோன்): என்ன எழுதினாள்?

நான்: மீ லாபி!!!

நான்: கரண்ட் வந்தாச்சு. மோட்டார் போட்டுவிட்டு வருகிறேன், தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

அம்மா: எங்கள் பக்கம் இன்னும் இல்லை

மாமா (பெகு): பெகுவில் ராத்திரி ஒரு மணிக்கு வந்து மூன்று மணிக்குப் போனது. சோறு வடிப்பதா தூங்குவதா?

அண்ணி (தட்டோன்): சரி, சொல்லிவிடுகிறேன். அத்தை கோபப்படக் கூடாது. பொங்கலுக்கு முன்பிருந்தே சின்னவனுக்கு அரிப்பு. அவன் வகுப்பில் நிறையப் பிள்ளைகளுக்கு இருக்கிறது. வெளியில் சொன்னால் பேச்சாகும் என்று கடையில் ஒரு ட்யூப் வாங்கிப் பூசினேன். ரெண்டு நாளில் சிவப்பு அடங்கியது. விட்டால் திரும்ப வருகிறது. அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

செல்வி அக்கா (நர்ஸ்): ட்யூப் பின்பக்கம் படம் அனுப்புங்கள் அண்ணி.

அண்ணி (தட்டோன்): [படம்]

செல்வி அக்கா (நர்ஸ்): நினைத்தேன். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் ஒன்றாகக் கலந்தது. சிவப்பும் அரிப்பும் அடங்குவது ஸ்டீராய்டால். அடியில் பூச்சி நிம்மதியாகப் பெருகும். படர்தாமரைக்குப் போட்டாலும் இதே கதைதான், வட்டம் மங்கும், அப்புறம் கண்ட இடத்துக்குப் படரும். என்ன நோய் என்று பார்க்கிற டாக்டரே குழம்புவார். இன்றோடு நிறுத்துங்கள். அவன் விரலைக் காட்டுங்கள்.

அண்ணி (தட்டோன்): [படம்]

செல்வி அக்கா (நர்ஸ்): அந்த மஞ்சள் பொருக்கு, தேன் காய்ந்த மாதிரி இருக்கிறதே, அது சொறிந்த இடத்தில் கிருமி ஏறினது. க்ரீம் மட்டும் போதாது. நாளைக் காலை டாக்டரிடம் காட்டுங்கள், ஆன்டிபயாடிக் தேவைப்படும். இன்னும் சில வாரத்துக்கு அவன் மூத்திரத்தைக் கவனியுங்கள். சாயத் தண்ணீர் நிறத்தில் போனாலோ, காலையில் கண் இமை வீங்கியிருந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. இந்தக் கிருமியால் சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகத்தில் அழற்சி வரும்.

அண்ணி (தட்டோன்): சரி செல்வி

அண்ணி (தட்டோன்): நன்றி

சித்தி (சென்னை): செல்வி, இதோடு இதையும் கேட்டுவிடுகிறேன். என் பேரன் கன்னத்தில் ரெண்டு வெளுப்பு. வயிற்றில் பூச்சி என்று மாத்திரை கொடுத்தாச்சு. போகவில்லை.

செல்வி அக்கா (நர்ஸ்): லேசாகத் தவிடு மாதிரி உதிர்கிறதா? ஓரம் மங்கலா?

சித்தி (சென்னை): ஆமாம் ஆமாம்

செல்வி அக்கா (நர்ஸ்): வயிற்றுப் பூச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை சித்தி. வறண்ட தோல். குளித்ததும் ஈரம் காயும் முன்பு மாய்ஸ்சரைசர் பூசுங்கள். நிறம் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். பால் மாதிரி சுத்த வெள்ளையாக இருந்தாலோ, தொட்டால் உணர்ச்சி இல்லை என்றாலோ மட்டும் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள்.

பெரியம்மா (தட்டோன்): சிவப்புக் கம்பளியைக் கொளுத்திவிடவா?

மாமா (பெகு): அது அப்பா மோல்மீனில் வாங்கினது!!

அம்மா: கொளுத்தாதே அக்கா

செல்வி அக்கா (நர்ஸ்): ஒன்றும் கொளுத்த வேண்டாம். மனுஷ உடம்பு இல்லாமல் அந்தப் பூச்சி ரெண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஐந்து நாள் மூலையில் வையுங்கள். பாய், தலையணை உறை, உடுப்பு எல்லாம் வெந்நீரில் அலசி வெயிலில். இன்னொன்று, மருந்து போட்ட பிறகும் ரெண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கும். செத்த பூச்சிக்கே உடம்பு அரிக்கும். பலிக்கவில்லை என்று தினமும் பூசாதீர்கள்.

தம்பி (மலேசியா): அப்போ 22 உண்டா இல்லையா?

செல்வி அக்கா (நர்ஸ்): காது மடலில் புண் இல்லை என்றால் குத்தலாம். ஆசாரியிடம் புது ஊசி கேளுங்கள்.

பெரியம்மா (தட்டோன்): மேலுக்குச் சரியில்லாத பிள்ளைக்குக் குத்தினால் அம்மாயி சாப்பிடமாட்டார்கள்.

பெரியம்மா (தட்டோன்): [குரல் செய்தி 0:09]

மாமா (பெகு): குத்தச் சொல்கிறார்கள் அம்மா. "என் கண் மூடறதுக்குள்ளே பார்க்கணும்." இதையே தம்பி மொட்டைக்கும் சொன்னார்கள்.

பெரியம்மா (தட்டோன்): நான் ஐயரிடம் கேட்டுச் சொல்கிறேன்.

அம்மா: எப்போது அக்கா?

மாமா (பெகு): செல்வி, அந்தப் பெர்மெத்ரின் ட்யூப் பெகுவில் கிடைக்குமா? நண்பன் ஒருவன் கேட்டான்.

செல்வி அக்கா (நர்ஸ்): உங்கள் நண்பருக்கு எங்கே அரிக்கிறது மாமா?

மாமா (பெகு): இடுப்பில். ஒரு மாசமாக.

பெரியம்மா (தட்டோன்): செல்வி, ஒரு ஆளுக்கு ஒரு ட்யூப் போதுமா? சும்மா கேட்டேன்.

செல்வி அக்கா (நர்ஸ்): பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு 30 கிராம் ட்யூப் ஆளுக்கு ஒன்று பெரியம்மா. பிள்ளைகளுக்கு அதில் பாதி போதும்.

பெரியம்மா (தட்டோன்): அப்போ தட்டோனுக்கு ஆறு

பெரியம்மா (தட்டோன்): அம்மாயியைச் சேர்த்து ஏழு. மீனா, நீ வாங்கி பஸ்ஸில் போட்டுவிடு.

தம்பி (மலேசியா): யாராவது தேதியைச் சொல்லுங்களேன்

மாமா (பெகு): [படம்: நிலா, இரவு வணக்கம்]