அப்பா மதுரை ஐசியூவில், மலைப்பாதை அடைப்பு. கவசம் படித்தால் மனசு நிற்கவில்லை

பூம்பாறை_பூண்டு:
அப்பா மதுரையில் வென்டிலேட்டரில் இருக்கிறார். மண் சரிந்து பாதை அடைபட்டதால் இறங்க வழியில்லை. கந்த சஷ்டி கவசத்தில் ஒரு நாளைக்கு 36 உரு (36 தடவை படிப்பது) என்று வருகிறதே, அதைச் செய்யலாமா? பாதியிலேயே மனசு போன் பக்கம் ஓடுகிறது. எங்கள் பூம்பாறை முருகன் குழந்தை வேலப்பருக்கு என்ன நேர்ந்துகொள்வது?

அடிவாரத்தான்:
36 உரு இப்போது வேண்டாம் தம்பி. வேகமாகப் படித்தாலே ஒரு தடவைக்குக் கால் மணி நேரம், மொத்தம் 9 மணி நேரம். நடுவில் விட்டால் 'குறை வைத்துவிட்டோமே' என்று புதுப் பயம் சேரும். காலை ஒன்று, மாலை ஒன்று போதும்.

மற்ற நேரத்துக்கு 'சரவணபவ'. வலது மோதிர விரலின் நடுக்கணுவில் கட்டைவிரலை வைத்து ஆரம்பிங்க. அதன் அடிக்கணு, அப்புறம் சுண்டுவிரல் அடியிலிருந்து நுனிவரை, மோதிர விரல் நுனி, நடுவிரல் நுனி, ஆள்காட்டி விரலில் நுனியிலிருந்து அடிவரை. பத்து ஆச்சு. நடுவிரலின் கீழ் இரண்டு கணுவும் மேரு, தொடக்கூடாது. பத்து சுற்றும் மேலே எட்டும் 108. கணக்கு தப்பினால் அந்தச் சுற்றை மட்டும் திரும்பச் சொல்லுங்க. போன் வந்தால் எடுங்க, தோஷமில்லை.

நேர்த்திக்கு மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து படத்துக்கு முன்னால் வைங்க. 'அப்பா பழனிக்குக் காவடி எடுப்பார்' என்று மட்டும் நேராதீங்க. பதற்றத்தில் பலர் இதைத்தான் செய்கிறார்கள். பிழைத்து வந்தவரால் 693 படி ஏற முடியாமல் போனால் கடன் பாக்கி என்று வீடே கலங்கும். மொட்டையோ நடையோ, உங்கள் பேரில் நேருங்க.

பெரியகுளம்_தாசன்:
வைணவத்தில் சரணாகதிக்கு ஆறு அங்கம். அதில் ஒன்று கார்ப்பண்யம்: என்னால் ஆவது ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொள்வது. மனசு ஓடுவதும் அதில் சேர்த்திதான். 'கவசம்கூட ஓடவில்லை, நீயே பார்த்துக்கொள்' என்று அதையே சொல்லி வேண்டலாம்.

ஆனால் திரௌபதி இரண்டு கையையும் விட்டது கடைசியில்தான், அதுவரை சேலையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். மதுரையில் கையெழுத்துப் போட ஒரு ஆள், காப்பீட்டு அட்டை, ரத்தம் கொடுக்க ஆட்கள் எல்லாம் தயாரா?

நைட்_டியூட்டி:
நாக்கில் பஞ்சாமிர்தமோ தீர்த்தமோ தொட்டு வைக்கச் சொல்லிடாதீங்க. நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். விபூதியை விரலில் எடுத்து நெற்றியில் லேசாக இட்டால் போதும். தூவினால் கண்ணிலும் குழாய்ப் பக்கமும் விழும். ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் சூடம், விளக்கு கூடவே கூடாது.

பார்வை நேரத்தில் உள்ளே போகிறவர் நர்ஸிடம் கேட்டுக்கொண்டு போனை அப்பா காதருகே பிடிக்கட்டும், நீங்க பேசுங்க. மயக்க மருந்தில் இருந்தாலும் குரல் கேட்க வாய்ப்புண்டு.

பூம்பாறை_பூண்டு:
கையெழுத்துக்கு அத்தை இருக்காங்க. ரத்தத்துக்கு இப்பவே ஆள் கேட்கிறேன். இங்கிருந்து விபூதி அனுப்ப முடியாது, அங்கே வாங்கினால் சரியா?

அடிவாரத்தான்:
தாராளமா. திருப்பரங்குன்றம் பக்கம்தானே, அத்தையை அங்கே ஒரு அர்ச்சனை பண்ணி வாங்கிக்கச் சொல்லுங்க. அப்பா பேர், நட்சத்திரத்தை மெசேஜில் அனுப்பிடுங்க.