துப்பாக்கி ரிசீவரில் (சுடும் பொறிகளைத் தாங்கும் நடு உடல்) பொறித்த எழுத்துகளுக்கு வண்ணம் நிரப்புவது எப்படி?

கேள்வி:
கருப்பு அனோடைசிங் (மின்வேதி முறையில் உண்டாக்கும் ஆக்சைடு படலம்) செய்த அலுமினிய ரிசீவர். சேஃப்டி லீவர் பக்கத்து எழுத்துகள் கண்ணுக்கே தெரிவதில்லை. ‘சேஃப்’ வெள்ளையிலும் ‘ஃபயர்’ சிவப்பிலும் வேண்டும். அக்ரிலிக் பெயிண்ட் பூசித் துடைத்தால் பள்ளத்தில் இருந்ததும் சேர்ந்து வந்துவிடுகிறது. மிஞ்சிய சிவப்பும் மங்கிப் பழுப்பாகத் தெரிகிறது. எங்கே தவறு?

பதில் 1:
மேகசினைக் கழற்றி, சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை) தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்த்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

பெயிண்ட் ஒட்டாததற்குப் பெரும்பாலும் எண்ணெய்தான் காரணம். பள்ளத்தின் அடியில் தங்கியது வெறும் துணிக்கு வராது. 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் டூத் பிரஷை நனைத்துத் தேய்த்து, 10 நிமிடம் உலரவிடுங்கள். அதன்பின் விரல் படக்கூடாது.

அக்ரிலிக்கை விட, மாடல் பொம்மைகளுக்கு அடிக்கும் எனாமல் நல்லது. பல்குத்தும் குச்சி நுனியில் ஒரு துளி எடுத்து வைத்தால் தானே ஓடி நிரம்பும். மேலே வழிந்தால் கவலை வேண்டாம். 15 நிமிடம் போல விட்டு, மேல்பரப்பு லேசாக இறுகியதும் துடையுங்கள்.

வேலை கெடுவது இந்தத் துடைப்பில்தான். துணியும் பஞ்சும் பள்ளத்துக்குள் இறங்கி பெயிண்டை உறிஞ்சிவிடும். பிளாஸ்டிக் கார்டில் வழவழப்பான காகிதத்தை இறுக்கிச் சுற்றி, மினரல் ஸ்பிரிட்டில் (எனாமலைக் கரைக்கும் தின்னர்) ஈரம் தட்டும் அளவுக்கு மட்டும் நனைத்து, எழுத்துக்குச் சாய்வாக அழுத்தாமல் ஒரே இழுப்பு. அடுத்த இழுப்புக்குக் காகிதத்தின் புது இடம். பள்ளம் பாதிதான் நிரம்பியிருந்தால் மறுநாள் இன்னொரு துளி. ஒரேயடியாகக் கனமாக நிரப்பினால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாகவே கிடக்கும்.

சிவப்பு கருப்பை முழுதாக மறைக்காது. அடிநிறம் ஊடுருவித் தெரியும். முதலில் மெல்லிய வெள்ளை, ஒரு நாள் காய்ந்ததும் அதன்மேல் சிவப்பு.

பதில் 2:
வழிந்ததை எடுக்க சாண்ட் பேப்பர் பக்கமே போகாதீர்கள். ஹார்ட் அனோடைசிங்கின் தடிமன் சுமார் 50 மைக்ரான்தான். அலுமினியம் வெளுத்துத் தெரிந்தால் திருத்துவது கடினம். நெயில் பாலிஷும் பிடிக்கும், ஆனால் வழிந்ததைத் துடைக்க அசிட்டோன் தொட்ட நொடியில் பள்ளத்தில் இருப்பதும் கரைந்துவிடும். லேசர் எழுத்து ஆழமில்லாமல் இருந்தால் எந்தப் பெயிண்டும் அதிக நாள் நிற்காது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இதே முறை பாஸ்பேட் பூச்சுள்ள எஃகு ரிசீவருக்கும் ஆகுமா?

பதில் 1:
ஆகும், ஆனால் வழியவிடக்கூடாது. பாஸ்பேட் நுண்துளை உள்ள பூச்சு. வழிந்த வெள்ளை துளைகளில் ஏறிச் சாம்பல் திட்டாக நிற்கும். எழுத்தைச் சுற்றி டேப் ஒட்டி, ஊசி நுனியால் பள்ளத்துக்குள் மட்டும் விடுங்கள். திட்டு விழுந்துவிட்டால் மினரல் ஸ்பிரிட்டும் டூத் பிரஷும். எழுத்தை மறுபடி நிரப்ப வேண்டிவரும். பாலிமர் (பிளாஸ்டிக்) பாகம் பக்கத்தில் இருந்தால் அசிட்டோனைத் திறக்கவே வேண்டாம்.

பதில் 2:
எனாமல் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே இறுக ஒரு வாரம் ஆகும். அதுவரை எண்ணெயோ கிளீனிங் சால்வென்டோ அந்தப் பக்கம் படவேண்டாம். சீரியல் நம்பரை நிரப்பினால் ஒவ்வோர் இலக்கமும் தெளிவாக வாசிக்க வரவேண்டும். அங்கே சுரண்டுவதோ ராவுவதோ கூடவே கூடாது, பல நாடுகளில் அது குற்றம்.