ஆட்டத்தைக் கெடுத்தவர்கள்: மலையிலிருந்து சில அனுபவங்கள்

கோத்தகிரியிலிருந்து:

சனிக்கிழமை இரவுகளில் ரோல்20 என்ற இணையத் தளத்தில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துகிறேன்; ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம் அது. கதையைச் சொல்லி ஆட்டத்தை நடத்தும் மாஸ்டர் நான்தான். பொது அறிவிப்பைப் பார்த்துச் சேர்ந்த ஒருவர், விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர். அதுவரை நல்லதுதான். ஆனால் அவருடைய திருடன் பாத்திரம் எதிரியை விட்டுவிட்டுக் கூட்டாளிகளின் பையிலேயே கைவைக்கும். கேட்டால், "என் பாத்திரத்தின் குணம் அப்படி" என்பார். 1974-இல் வெளிவந்த நாளிலிருந்து இது ஒன்றுசேர்ந்து ஆடும் ஆட்டம். அந்தக் குணத்தைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தானே? பாத்திரத்தின் மேல் பழியைப் போடுவானேன்?

பகடை விஷயம் இன்னும் அழகு. தளத்தில் உருட்டாமல் வீட்டில் சொந்தப் பகடையை உருட்டி எண்ணை மட்டும் சொல்வார். இருபது முகப் பகடையில் அவருக்கு எப்போதும் 18, 19, 20. எல்லோரும் தளத்திலேயே உருட்டுங்கள், எண் அனைவர் கண்ணிலும் படட்டும் என்றேன். அன்றிரவு அவருக்கு விழுந்தவை 4, 7, 2. தளத்தின் பகடையில் கோளாறு என்று அரைமணி நேரம் வாதாடினார்.

இதையெல்லாம் சிரித்துக் கடந்துவிடலாம். கடக்க முடியாதது வேறு. குன்னூரிலிருந்து கல்லூரி மாணவி ஒருவர் புதிதாக ஆட வந்திருந்தார். அவர் முறை வரும்போதெல்லாம் இவர் குறுக்கே புகுந்து, "உனக்கு ஒன்றும் தெரியாது, பேசாமல் எனக்கு வைத்தியம் பார்" என்பார். அந்தப் பெண்ணின் மைக் மெல்ல மெல்ல அணைந்தே கிடக்க ஆரம்பித்தது. ஒரு சனிக்கிழமை, "வீட்டில் கரண்ட் இல்லை, வர முடியாது" என்று செய்தி அனுப்பினார். என் அக்கா வீடும் அதே தெருவில்தான். போன் செய்தேன், அக்கா தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றே அந்த மனிதருக்குத் தனியாக எழுதினேன்: இந்தக் குழு உங்களுக்கு ஒத்துவராது, இனி வர வேண்டாம். காரணங்களை அடுக்கவில்லை; அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் விதிப்புத்தகத்தில் பக்கம் காட்டுவார். பிறகு வேறு பெயரில் சேரப் பார்த்தார். "என் பாத்திரத்தின் குணம்" என்று ஆரம்பித்ததுமே பிடிபட்டார்.

கூடலூரிலிருந்து:

அண்ணா, அந்தத் தங்கை இன்னும் ஆடுகிறாரா?

கோத்தகிரியிலிருந்து:

ஆடுகிறார் தம்பி. போன வாரம் அவரே மாஸ்டராக அமர்ந்து என் வீரனைச் சதுப்பில் மூழ்கடித்துவிட்டார்.

கூடலூரிலிருந்து:

எனக்கு வாய்த்தவர்கள் வேறு ரகம். போர்டு கேம் அரீனா என்ற இணையத் தளத்தில் கார்கசோன் என்ற, சதுர அட்டைகளை அடுக்கும் ஆட்டத்தை ஆடுவேன். தென்மேற்குப் பருவமழையில் கூடலூர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மரம் கம்பியில் விழும், மின்சாரம் போகும், பின்னாலேயே செல்போன் கோபுரமும் படுத்துவிடும். ஆட்டம் பாதியில் அறுந்தால் அந்தத் தளத்தில் நம் மதிப்பு இறங்கும். அது போகட்டும். வெளிச்சம் வந்து பார்த்தால், "தோற்கப் போவது தெரிந்து ஓடிய கோழை" முதல் பெற்ற தாயை இழுக்கும் வசவு வரை வரிசையாக நிற்கும். ஒருவரிடம் மழை என்று விளக்கினேன்; "நல்ல கதை" என்றார். இப்போது விளக்குவதில்லை. வசைபாடியவருக்குச் சிவப்புக் கட்டைவிரல், அத்தோடு சரி. அவர் நம் மேசைக்கு வர முடியாது. மழை ஓயும் வரை நாளுக்கொரு நகர்வு வைக்கும் நிதான ஆட்டங்கள் மட்டும்.

குன்னூரிலிருந்து:

நீங்கள் ஆட்டக்காரர்களைச் சொல்கிறீர்கள். எனக்கு நேர்ந்தது மாஸ்டரால். திகில் கதை என்று சொல்லித்தான் அழைத்தார். குழுவில் நான் ஒருத்திதான் பெண். என் பாத்திரம் சிறைப்பட்ட காட்சியில் அவர் வர்ணனை போன திசை எனக்குப் பிடிக்கவில்லை. எக்ஸ் கார்டு உண்டா என்று முன்பே கேட்டிருந்தேன், உண்டு என்றிருந்தார். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் என்பவர் வகுத்த எளிய வழி அது: காட்சி ஒவ்வாதவர் அட்டையைத் தொடலாம், காரணம் சொல்ல வேண்டாம், கதை அந்த இடத்தைத் தாண்டிவிட வேண்டும். இணையத்தில் ஆடும்போது அரட்டைப் பெட்டியில் எக்ஸ் என்று தட்டினால் போதும். தட்டினேன். "ஏன், பயமா?" என்று சிரித்துவிட்டு அதே காட்சியைத் தொடர்ந்தார். மற்றவர்கள் வாய் திறக்கவில்லை. அவர் சிரித்ததைவிட அதுதான் எனக்கு ஆறவில்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெளியேறினேன். மறுநாள் அவர்களில் ஒருவர், "அவர் அப்படித்தான், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்" என்று எழுதினார். அப்படித்தான் என்று தெரிந்தும் என்னை ஏன் அழைத்தீர்கள் என்றேன். பதில் இல்லை.

இப்போது எந்தக் குழுவில் சேர்ந்தாலும் முதல் நாள் ஆட்டமே கிடையாது. எது கூடும், எது கூடாது என்று பேசி எழுதி வைத்த பிறகே பகடை. ஸ்னூக்கர் விதிகளை 1882-இல் ஊட்டி கிளப்பில் எழுதி மாட்டினார்கள் என்பார்கள். துரைகளுக்கே எழுதி மாட்ட வேண்டியிருந்தது என்றால் நாம் கூச்சப்பட என்ன இருக்கிறது?

அந்த மாஸ்டர் இன்னும் ஆள் தேடுகிறார். மாதம் தவறாமல் அறிவிப்பு வருகிறது: "பக்குவமான ஆட்டக்காரர்கள் தேவை."