மோசின்-நாகன்ட் குழல்: ஹாப்பீஸ் 9 போட்டும் துரு ஏன்?

கேள்வி: மோசின்-நாகன்ட் (பழைய ரஷ்ய ரைபிள்) துப்பாக்கியில் பழைய சோவியத் 7.62×54 தோட்டா சுட்டபின், ஹாப்பீஸ் 9 என்ற துப்பாக்கி துடைக்கும் கரைப்பானைப் போட்டுத் துடைத்தாலும் குழலில் துரு பூக்கிறது. வேறு கரைப்பான் வேண்டுமா?

பதில் 1: கரைப்பானை மாற்றிப் பயனில்லை. அந்தத் தோட்டாவின் பிரைமரில் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) பொட்டாசியம் குளோரேட் உண்டு. எரிந்ததும் பொட்டாசியம் குளோரைடு உப்பாகப் படிந்து, காற்றின் ஈரத்தை இழுக்கிறது. உப்பு தண்ணீரில்தான் கரையும். சுட்ட அன்றே போல்ட்டை (குழலின் பின்புறத்தை அடைக்கும் உருளை) கழற்றி, தோட்டா வைக்கும் அறைப் பக்கம் புனல் வைத்துக் கொதிநீர் ஒரு லிட்டர் ஊற்றுங்கள். சூட்டில் குழல் சீக்கிரம் உலரும். உலர்ந்த துணியும் ஓட்டுங்கள். பிறகு ஹாப்பீஸ், கடைசியில் மெல்லிய எண்ணெய். போல்ட் முகத்தையும் கழுவ வேண்டும், பலர் விட்டுவிடுகிறார்கள்.

பதில் 2: குண்டு குழலில் விட்டுச்செல்லும் செம்பை நீக்க, அம்மோனியா மிகுந்த செப்புக் கரைப்பான் போட்டால் நைலான் தூரிகைதான். வெண்கலத் தூரிகையில் உள்ள செம்பு கரைந்து துணி நீலமாகும். குழலில் செம்பு மிச்சமென்று ஏமாறுவீர்கள்.

கேட்டவர்: கொதிநீருக்குப் பதில் ஜன்னல் துடைக்கும் அம்மோனியா திரவம் ஊற்றலாமா?

பதில் 1: அதிலும் உப்பைக் கரைப்பது தண்ணீரே.