பகுதி மூட்டு மாற்று: பிளாஸ்டிக் பேரிங் ஏன் உடைகிறது?

கயல்_பயோமெட்:
முழங்காலின் ஒரு பகுதியை மட்டும் மாற்றும் ஆக்ஸ்ஃபோர்டு வகைச் செயற்கை மூட்டில் தொடை எலும்பில் கோள வடிவ உலோகம், கீழே டிபியாவில் (கீழ்க்கால் எலும்பு) தட்டையான உலோகத் தட்டு. நடுவில் எதனுடனும் பிணைக்கப்படாமல் நகரும் பாலிஎத்திலீன் (பிளாஸ்டிக்) பேரிங். மேலே குழிவு, கீழே தட்டை. பரப்புகள் முழுதாகப் பொருந்துவதால் பளு பரவிவிடுகிறது, தேய்மானம் ஆண்டுக்கு 0.02 மி.மீ. அளவில்தான். அப்படியிருந்தும் சில பேரிங்குகள் குறுக்கே இரண்டாகப் பிளக்கின்றன. 3 மி.மீ. தடிமன் என்பது அவ்வளவு மெலிசா?

பாலிமர் பட்டறை:
மெலிசும் ஒரு காரணம், ஆனால் அது மட்டும் போதாது. உருண்டை உலோகம் குழிவுக்குள் அமுங்கும்போது விளிம்புகள் விலகப் பார்க்கும். அந்த இழுவிசையை மிக மெலிந்த நடுப்பகுதிதான் தாங்க வேண்டும். 3, 4 மி.மீ. அளவுகளில் அது அதிகம்.

அடுத்து, பிளாஸ்டிக்கின் நிலை. 1990களின் நடுப்பகுதி வரை காற்றோடு பொட்டலம் கட்டி, காமா கதிரால் கிருமிநீக்கம் செய்வதே வழக்கம். கதிர் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கும். அறுந்த முனைகளை ஆக்சிஜன் பிடித்துக்கொள்ளும். பொட்டலம் அலமாரியில் கிடக்கும்போதே இது நடக்கும், உடலுக்குள் போன பிறகும் நிற்காது. கெட்டுப்போவது மேல்பரப்பு அல்ல, அதற்கு 1 மி.மீ. சுமார் கீழே உள்ள அடுக்கு. கழற்றிய பேரிங்கை மெல்லிய சீவலாக வெட்டிப் பாருங்கள், வெள்ளைப் பட்டையாகத் தெரியும். தடித்த பேரிங்கில் நடுவே நல்ல பொருள் மிஞ்சும், 3 மி.மீ.யில் இரண்டு பக்கப் பட்டைகளும் நெருங்கிவிடுகின்றன.

எக்ஸ்ரேக்காகப் பதிக்கும் மார்க்கர் கம்பியின் துளையும் விரிசலுக்கு வழிகாட்டலாம்.

கயல்_பயோமெட்:
அப்படியானால் அதிகக் குறுக்குப் பிணைப்பு செய்த, அதாவது மூலக்கூறுச் சங்கிலிகளைக் கதிரால் ஒன்றோடொன்று பிணைத்த பாலிஎத்திலீன் தீர்வாகாதா சார்?

பாலிமர் பட்டறை:
அது தேய்மானத்துக்கு மருந்து, இங்கே நோய் வேறு. கதிரின் அளவைக் கூட்டினால் விரிசல் பரவாமல் தடுக்கும் திறன் குறைகிறது. மெல்லிய பேரிங்கில் அதை நான் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்க மாட்டேன். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்க வைட்டமின் ஈ கலப்பது வேறு விஷயம்.

மூட்டு சர்ஜன்:
பொருளைப் பற்றிச் சரியாகச் சொன்னார். அறுவை அறையில் நடப்பதையும் சேர்க்கிறேன். முழங்காலை முழுதாக நீட்டும்போது உலோகத்துக்கு முன்னால் உள்ள எலும்பில் பேரிங்கின் முன்விளிம்பு இடிக்கும். நன்றாக மடக்கும்போது, பின்னால் விட்டுவைத்த எலும்பு முளையில் பின்விளிம்பு இடிக்கும். ஒரு விளிம்பு இடிபட்டால் மறு விளிம்பு தூக்கும். ஒவ்வொரு அடியிலும் நெம்புகோல் போட்டு வளைத்த மாதிரி. அதனால் முன் எலும்பைச் செதுக்கி இடம்விட வேண்டும். பின்முளைகளை வளைந்த உளியால் எடுத்துவிட்டு, விரலை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். உலோகத்தை எலும்போடு ஒட்டும்போது பிதுங்கிய சிமென்ட் பின்னால் தங்கினாலும் இதே கதைதான். கண்ணுக்குப் படாத மூலை அது, தப்பிவிடும்.

கழற்றிய பேரிங்கில் விளிம்பு நசுங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள் கயல். நசுங்கியிருந்தால் பிளாஸ்டிக்கை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

உடைந்ததும் திடீர் வலி, வீக்கம், முழங்கால் பூட்டிக்கொள்வது எல்லாம் வரும். பேரிங் நழுவினாலும் இதே அறிகுறிகள்தான், நழுவுவதே அதிகம். பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் தெரியாது. மார்க்கர் இடம் மாறியிருக்கிறதா, மேல் உலோகம் கீழ்த் தட்டை நெருங்கிவிட்டதா என்று பக்கவாட்டுப் படத்தில் பார்க்க வேண்டும். திறந்தால் இரண்டு துண்டும் கைக்கு வந்தாக வேண்டும். பின்துண்டு மூட்டின் பின்புறம் போய் ஒளிந்துகொள்ளும். உலோகப் பாகங்கள் அசையாமல், கீறல் இல்லாமல் இருந்தால் இடித்த எலும்பைச் செதுக்கி, புது பேரிங் மட்டும் போடலாம். உலோகத்தோடு உலோகம் உரசியிருந்தால் முழு மூட்டு மாற்றுக்குப் போவதே நல்லது.