பழைய லேசர் பிரிண்டருக்கு விண்டோஸ் 11ல டிரைவர் வேணும், உதவி பண்ணுங்க

எல்லாருக்கும் வணக்கம். எங்கிட்ட விண்டோஸ் எக்ஸ்பி காலத்து கருப்பு வெள்ளை லேசர் பிரிண்டர் ஒண்ணு இருக்கு, இன்னிக்கும் எழுத்து அவ்வளவு பளிச்சுன்னு வருது, புது டோனர் வேற போட்டிருக்கேன். கம்ப்யூட்டர் மாத்துனதுல இருந்துதான் பிரச்சனை. யூஎஸ்பி கேபிள சொருகினா டிவைஸ் மேனேஜர்ல அதர் டிவைசஸ் கீழ மஞ்சள் ஆச்சரியக்குறியோட பேரு மட்டும் வருது, பிரிண்ட் போகல.

கம்பெனி கொடுத்திருக்கற டிரைவர் 32 பிட்டுக்கு மட்டும்தான், விண்டோஸ் 11 வர்றதே 64 பிட்லதாங்கறதால அது ஏறாது. கம்பாட்டிபிலிட்டி மோட்ல போட்டாலும் இன்ஸ்டாலர் ஓடுமே தவிர டிரைவர் வேலை செய்யாது, அதனால அந்த வழிய விட்டுருங்க.

செல்ஃப் டெஸ்ட் பேஜ்ல பிசிஎல் 5இ (பக்கத்த எப்படி அச்சடிக்கணும்னு பிரிண்டருக்கு சொல்ற கட்டளை மொழி) சப்போர்ட்னு அச்சாகுது. அப்படின்னா அதே பிசிஎல் 5 புரியற வேற மாடலோட 64 பிட் டிரைவர கையால செலக்ட் பண்ணி ஓட்டலாம்ல? அப்படி செஞ்சவங்க யாராவது இருந்தா எந்த மாடல் டிரைவர் போட்டீங்க, போர்ட் யூஎஸ்பி001 தானா, டிரே, மார்ஜின் எல்லாம் சரியா வந்துச்சான்னு கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

அது முடியலன்னா பழைய லேப்டாப்ல லினக்ஸ் போட்டு கப்ஸ்ங்கற பிரிண்ட் சர்வர் சாஃப்ட்வேர் மூலமா நெட்வொர்க்ல ஷேர் பண்ணலாம்னு இருக்கேன், லினக்ஸ்ல இந்த மாதிரி பிசிஎல் பிரிண்டருங்களுக்கு டிரைவர் இன்னும் இருக்கு. விண்டோஸ்ல இருந்து அத ஐபிபி (நெட்வொர்க் வழியா பிரிண்ட் அனுப்பற முறை) அட்ரஸ் கொடுத்து சேர்க்கறது எப்படின்னு தெரிஞ்சவங்க வழி காட்டுங்க.

கண்ட சைட்ல கிடைக்கற டிரைவர் லிங்க் மட்டும் வேணாம், வைரஸ் பயம். நல்லா ஓடற மெஷின குப்பைல போட மனசே வரல.