யாழினிக்கு எந்த ஜப்பானியப் பள்ளிக் கதை?

சுதா: பெரியப்பா, யாழினி ‘டோட்டோ சான்’ படித்து முடித்த கையோடு, ஜப்பானியப் பள்ளிக்கூடக் கதையாகவே இன்னொன்று வேண்டுமென்று நச்சரிக்கிறாள். கனாயே மினாட்டோ எழுதிய ‘கன்ஃபெஷன்ஸ்’ வாங்கித் தரலாமா? அதுவும் பள்ளிக் கதைதான் என்று தோழி சொன்னாளாம்.

செந்தில்: வேண்டவே வேண்டாம் அக்கா! 2010இல் வந்த அதன் திரைப்படத்தைப் பார்த்துவிட்டு எனக்கே அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை.

பெரியப்பா: ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அது வேண்டாம் சுதா. ஆண்டின் கடைசி வகுப்பில், பிள்ளைகள் பள்ளியில் கொடுத்த பாலைக் குடித்து முடித்ததும், தன் நான்கு வயது மகள் நீச்சல் குளத்தில் இறந்தது விபத்தல்ல, இதே வகுப்பிலுள்ள இருவர் செய்த கொலை என்று ஆசிரியை மொரிகுச்சி குரலை உயர்த்தாமல் சொல்கிறாள். 14 வயது நிறையாதவர்களுக்கு ஜப்பானில் குற்றவியல் தண்டனை கிடையாது என்பதால், அவர்களை ‘ஏ’, ‘பி’ என்று மட்டுமே குறிப்பிட்டுவிட்டுத் தண்டனையைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறாள். பாலில் எதைக் கலந்ததாகச் சொன்னாள் என்பதை இங்கே எழுதமாட்டேன்; உன் அத்தை காபியும் கையுமாகத்தான் இந்தக் குழுவைப் பார்ப்பாள்.

அத்தை: காபியை ஏற்கெனவே கீழே வைத்துவிட்டேன். வேறு நல்லதாக ஒன்று சொல்லுங்கள் அண்ணா.

பெரியப்பா: சகாயே த்சுபோய் 1952இல் எழுதிய ‘இருபத்து நான்கு கண்கள்’ இருக்கிறது. 1928இல் கடலோரக் கிராமமொன்றுக்குச் சைக்கிளில் வந்திறங்கும் ஒய்ஷி டீச்சர், முதல் நாளே வருகைப் பதிவேட்டை விரித்து, பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் என்னென்ன செல்லப்பெயர் என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார்.

செந்தில்: அப்படியென்றால் வெள்ளந்தியான கதைதானே?

பெரியப்பா: அப்படியும் சொல்லிவிட முடியாதப்பா. அந்த ஐந்து பையன்களில் மூவர் போரில் மாண்டுபோகிறார்கள். பார்வையிழந்து திரும்பிய ஒருவன், சிறு வயதில் எடுத்த குழுப் புகைப்படத்தைத் தடவி, யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்று விரல் வைத்துக் காட்டுகிறான். என்னைக் கேட்டால், மினாட்டோவின் நாவலைவிட இதுவே இருண்டது. அங்கே கொலை செய்தவன் யாரென்று தெரியும், இங்கே பிள்ளைகளைக் கொண்டுபோனவர்கள் கதைக்குள் முகம் காட்டுவதே இல்லை.

சுதா: அப்படியானால் இதையும் தள்ளிப்போடவா?

பெரியப்பா: வேண்டாம், தாராளமாகக் கொடு. டோட்டோ சானின் ரயில்பெட்டி வகுப்பறைகளும் 1945 குண்டுவீச்சில் எரிந்துதான் போயின. அது கதைகூட அல்ல, அதை எழுதிய குரோயாநகியின் சொந்த வாழ்க்கை. அந்தக் கடைசிப் பக்கங்களைத் தாண்டிய பிள்ளை இதையும் தாங்குவாள். நீயும் கூடவே படி.